கான்கிரீட்டுக்குக் கீழே அந்த மண்

எங்கள் மாடியில் இன்று கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையில் வெளியே வந்ததும் தின்னர் நெடி மூக்கில் ஏறியது. துபாயின் அல் கூஸ் பகுதியில் அந்தக் கம்பிவேலிக்குள் உன் பக்கத்தில் நின்ற நாள் அப்படியே திரும்பி வந்தது. நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்தான்.

ஷார்ஜாவில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். தினமும் உன் காரில்தான் இருவரும் துபாய்க்கு வேலைக்குப் போவோம். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கும் லேபில் எனக்கு வேலை. நீ ஒரு கம்பெனியில் இன்சூரன்ஸ் விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கம்பெனி எண்பதுகளில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலை நடத்தி, பிறகு மூடிவிட்டது. ஊர் முழுக்கக் கிரேன்கள் நின்ற அந்த வருடங்களில், காலியாகக் கிடந்த அந்த இடத்தில் கிடங்கு கட்ட உங்கள் முதலாளிக்கு ஆசை வந்தது. தோண்டிப் பார்த்தால் மண்ணெல்லாம் தின்னரும், பெயிண்டைக் கரைக்கும் மற்றக் கரைப்பான்களும் ஊறிக் கிடந்தன. சுத்தம் செய்துவிட்டுக் கட்டுங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

சோதனைக்கு மண் மாதிரி எடுக்க வந்தவள் நான்தான். அன்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கள் கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து முருகையன் வந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.

"டேங்கர் வராத நாள்ல இந்த போர் தண்ணியிலதான் குளிக்கிறோம் மேடம். ஒரே அரிப்பு. ரூம்ல எல்லாருக்கும் இப்படித்தான்."

முழங்கை வரை தோல் வெடித்திருந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். காரில் ஏறியதும் சொன்னாய். "சுத்தம் பண்ணப் பணமில்லைன்னு முதலாளி கையை விரிக்கிறார். ஆனா பணம் இருக்குடி. ஃபேக்டரி ஓடின காலத்துல, அதனால வர்ற சேதத்துக்கு ஈடு கட்டுற பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்காங்க. அந்தப் பாலிசியைத் தேடணும்."

முடிந்துபோன பாலிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன்.

"பாலிசி இப்ப செத்திருக்கலாம். கசிஞ்சப்போ அது உயிரோடதானே இருந்துச்சு? சேதம் எப்ப நடந்துச்சோ, அப்ப இருந்த பாலிசிதான் பதில் சொல்லணும்."

கம்பெனியில் அதன் பிரதி இல்லை. தொழிற்சாலைக்குக் கடன் கொடுத்த வங்கியில் இருக்கும் என்று உனக்குத்தான் தோன்றியது. பலமுறை அலைந்து வாங்கி வந்தாய். பிந்தைய பாலிசிகளில் மாசுக்குப் பணம் கிடையாது என்று எழுதியிருக்குமாம். இதில் அந்த வரி இல்லை. மண்ணில் இருந்த கரைப்பான், அந்தத் தொழிற்சாலை ஓடிய நாட்களில் பயன்படுத்தியதுதான் என்று எங்கள் லேப் காட்டியது. இன்சூரன்ஸ்காரர்கள் இழுத்தடித்தார்கள். நீ விடவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் எழுதிய அன்று நீ வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று. பணத்தைச் சுத்தம் செய்யும் காண்டிராக்டருக்கு நேராகக் கொடுக்க வேண்டும். உங்கள் முதலாளியின் வக்கீல் அந்த வரியை அடித்துவிட்டார். இன்சூரன்ஸ் அதிகாரி சொன்னதை அன்று மாலை டிராஃபிக்கில் நிற்கும்போது என்னிடம் சொன்னாய். "பணத்தை என்ன பண்றாங்கங்கிறது எங்க கவலை இல்லை மேடம். இனிமே எங்களைக் கேட்க மாட்டோம்னு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்." கையெழுத்து கிடைத்தது. பணம் முதலாளியின் கைக்குப் போனது.

சுத்தம் செய்தாகிவிட்டது என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பிடி மண்ணைக்கூட அள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நீ என்னை அங்கே அழைத்துப்போனபோது, மேலே புது மணலைப் பரப்பிக் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மேனேஜரும் நம் ஊர்க்காரர்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்: "கலாஸ் மேடம். வேலை முடிஞ்சது. கீழ இருக்கறதை யார் பார்க்கப்போறாங்க?"

"அதுல குளிக்கிறவங்க பார்ப்பாங்க சார்" என்றாய்.

சில நாட்களில் உன்னை வேலையிலிருந்து நீக்கி, விசாவை ரத்து செய்தார்கள். உன் கணவர் முன்பே ஊரில் தொழில் தொடங்கியிருந்ததால், மகளோடு திருச்சிக்குக் கிளம்பினாய். ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் முதலில் கேட்பாய்: "அந்த போரை மூடிட்டாங்களா?" இல்லை என்பேன். அப்புறம்தான் மற்ற பேச்சு. ஒருநாள் உன் எண்ணிலிருந்து உன் கணவர் பேசினார். மூளையில் ரத்தக் கசிவு என்றார். இரண்டு நாள்கூட இருக்கவில்லை நீ.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முருகையனைக் கூப்பிட்டு, கேம்ப் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, என் சொந்தச் செலவில் சோதித்து, முடிவை அதிகாரிகளிடம் கொடுத்தேன். ஆட்கள் வந்து போருக்கு சீல் வைத்தார்கள். இப்போது தினமும் டேங்கர் வருகிறதாம். முருகையனின் கை ஆறி வருகிறது. ஆனால் அந்த மண் அங்கேயேதான் கிடக்கிறது. அதன்மேல் கிடங்கு நிற்கிறது. முதலாளி நன்றாகத்தான் இருக்கிறார். போர் மூடிய அன்று, வழக்கம்போல உனக்குச் சொல்லக் கை போனைத் தேடியது. அந்த மேனேஜரின் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

போன வாரம் இன்னொரு இடம். மூடிப்போன ஒரு கராஜ், மண்ணில் ஊறிய பழைய எண்ணெய், தேடி எடுத்த பழைய பாலிசி. மண்ணைப் பற்றிச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மண்ணைப் பற்றிச் சொல்லி முடித்ததும், பணம் யார் கைக்குப் போகும் என்று கேட்டேன். காண்டிராக்டருக்கு நேராகப் போக வேண்டும், மண்ணை அள்ள அள்ளத்தான் கொடுக்க வேண்டும், அதை எழுதாமல் என் அறிக்கை வெளியே போகாது என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"ஏன் மேடம் இவ்வளவு கோபப்படறீங்க?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"என் ஃபிரண்டு ஒருத்தி இதையே அமைதியா கேட்டுப் பார்த்தா சார்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை எழுதினார்.