தினம் ஒன்றாகக் குறையும் மாத்திரை

கணவன் முனியராஜ் குளிக்கப் போயிருந்த நேரத்தில், மாடத்தி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினாள்.

"எழில் அப்பாவுக்கு, நான் இருக்கன்குடி கோயிலுக்குப் போறேன். சோறு இருக்கு, குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்டக் குடுத்துருங்க.

என் பிரஷர் மாத்திரை ஒரு வாரமா தினம் ஒண்ணு குறையுது. நம்ம மக எழில்தான் எடுத்திருப்பாள்னு வஞ்சேன், பாவம் பிள்ளை அழுதுட்டா. நேத்துத்தான் உங்க மேல சந்தேகம் வந்துச்சு. பட்டாசுக் கம்பெனியில பக்கத்து ஷெட்டு வெடிச்சதுல இருந்து டம்ளரைப் பிடிச்சா உங்க கை நடுங்குது. பிடரியில தைலம் தேய்க்கீக. தூக்கத்துல திடுக்குனு எந்திரிச்சு உக்காருறீக. கேட்டா, தீபாவளி சீசன் அலுப்புங்கிறீக.

இன்னைக்குக் கம்பெனியில டாக்டர் செக்கப்பு. பிரஷர் கூடுதலா இருந்தா வெடிமருந்து கலக்க விடமாட்டாக. அதுக்குத்தானே என் மாத்திரையைத் திங்கீக? பிரஷர் மெஷினை ஏமாத்திருவீக. நடுங்குற கையோட போனா, வெடிமருந்து ஏமாறுமா?"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டே, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் அவசரமாக நெருக்கி எழுதினாள்.

"கோயிலுக்குன்னு மேல எழுதினது பொய். நீங்க வாரதுக்குள்ள டாக்டர்கிட்டச் சொல்லணும்னு கம்பெனிக்குத்தான் போறேன். என்னை வையணும்னா அங்கன வந்து எல்லாரு முன்னாலயும் வைங்க. சாப்பிட்டுட்டு வாங்க. வெறும் வயித்துல மாத்திரை போடாதீக."