திரும்பவே இல்லையே, மருமகனே

என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட மருமகன் செல்வராசுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஊரில் எல்லாரும் உன்னை நினைத்து அழுகிறார்கள். எனக்கு உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அழுகை அதற்கப்புறம்தான்.

ஏழாயிரம்பண்ணையில் என் தீப்பெட்டி ஆபீஸை அறியாதவன் உண்டா? நம் பக்கம் ஒரு கொட்டகைக்குக் கீழே நாலு பெண்கள் குச்சி அடுக்கினாலே அது ஆபீஸ்தான். ஆனால் என் சரக்கு வேறு ரகம். கொழும்பில் ஒரு குச்சியைக் கிழித்தால் கண்டி வரைக்கும் வெளிச்சம் தெரியும். தீ கூட என் அனுமதி கேட்டுத்தான் பற்றும்.

அப்படிப்பட்ட ஆபீஸ் வீடுகளுக்கு நடுவே இருக்கக் கூடாது, ஊருக்கு வெளியே போ என்று சர்க்கார் உத்தரவு போட்டது. எங்கே போவது? வீட்டை ஒட்டிய அந்தக் கொட்டகையை விட்டால் எனக்கு வேறு இடம் ஏது? தொழில் செய்கிற உரிமையை அரசியல் சட்டமே கொடுத்திருக்கிறது என்று சட்டம் படிக்கும்போது லீவுக்கு வந்து சொல்லித் தந்தவன் நீ. அதை நம்பித்தான் மெட்ராஸ் ஹைக்கோர்ட்டில் வழக்குப் போட்டேன்.

அப்போது நீ சர்க்கார் வக்கீல். எனக்கு எதிராக நீயே ஆஜராகிறாய் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஒரே குஷி. நம் ஊர்க்கூட்டத்து வழக்கம் உனக்குத் தெரியாதா? சொந்தக்காரன் முதலில் எதிர்த்தரப்புக்குப் பேசுவான், பட்சபாதம் இல்லை என்று காட்டுவதற்காக. அப்புறம் தொண்டையைச் செருமிவிட்டு நம் பக்கம் திரும்புவான். தீர்ப்பும் கூடவே திரும்பும். ஹைக்கோர்ட்டும் பெரிய ஊர்க்கூட்டம்தானே என்று நினைத்துவிட்டேன்.

நான் உள்ளே நுழைந்ததும் அங்கே சுற்றிய மின்விசிறி ஒரு கணம் நின்றது. துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக் காதர் பாய் சாட்சி. நீ இங்கிலீஷில் பேசப் பேச, எங்கள் வக்கீலின் குமாஸ்தா காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த உத்தரவு நல்லதா கெட்டதா என்பது நீதிமன்றத்தின் கேள்வி அல்ல என்றாய். போட அதிகாரம் உண்டா, வரம்பு மீறியதா, அதை மட்டும் பார்க்க வேண்டும் என்றாய். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள், நீதிபதிக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை என்றாய். நான் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், மருமகன் போற போக்கு சரியில்லையே?" என்றார் பாய்.

"பொறுங்க பாய். இப்பத் திரும்புவான் பாருங்க."

நீ உட்கார்ந்துவிட்டாய்.

வெளியே வந்ததும் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "ஏலே, இந்த வழக்கை வேற ஆளுகிட்டத் தள்ளிவிட்டா என்னலே?"

"வேற ஆளு நின்னாலும் இதைத்தான் சொல்லணும், மாமா. சர்க்கார் தப்புப் பண்ணினா ஓட்டுப் போட்டு மாத்தலாம். ஜட்ஜு தப்புப் பண்ணினா யாருகிட்டப் போய்க் கேப்பீக?"

"நான் உங்கிட்டத்தாம்லே கேக்கேன்!"

தீர்ப்பும் நீ சொன்னபடியே சர்க்கார் பக்கம் வந்தது. ஆபீஸை மூடினேன். இப்போது இன்னொருத்தர் கம்பெனியில் லோடு ஏற்றுகிற இடத்தில் மேஸ்திரி. மேஸ்திரி என்று பெயர்தான், கம்பெனியே என் குரலில்தான் ஓடுகிறது. நீ போன அன்றைக்குத் தாய்மாமன் முறைக்குக் கோடித்துணி போட்டேன். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். அதே உத்தரவிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்குச் சர்க்கார் விலக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் தீக்குச்சி மருந்து கலக்குகிற அறை உன் அம்மா வீட்டுச் சுவரை ஒட்டி எழும்புகிறது. மறுபடியும் ஹைக்கோர்ட்டுக்குப் போனோம். கம்பெனி வக்கீல் எழுந்து பழைய தீர்ப்பு ஒன்றை வாசித்தார். என் வழக்குதான்! என் பெயரை ஹைக்கோர்ட்டில் மேற்கோள் காட்டினார்கள், மருமகனே. இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கு அந்தப் பெருமை உண்டு? விலக்குக் கொடுப்பதும் சர்க்காரின் கொள்கை, நாங்கள் தலையிடுவதற்கில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு என்னை வெளியே தள்ளும்போது கோர்ட்டு குறுக்கே நிற்கவில்லை. இன்றைக்கு அவனை உள்ளே விடும்போதும் நிற்கவில்லை. இதுதான் உன் நியாயமா?

பஸ்ஸில் திரும்பும்போது என் தங்கச்சி கேட்டாள். "அண்ணே, எம்புள்ள பேச்சை வச்சா என்னைத் தள்ளிவிட்டாக?"

நீயே சொல், என்ன பதில் சொல்வது?

நாளைக்கு அவளை முன்னால் நடக்கவிட்டுத் தெருவே எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறது. அவர் கையை விரித்தால் அடுத்த தேர்தலில் உன் அம்மாவையே நிறுத்துவேன், டெபாசிட் போகிறது யாருக்கு என்று பார்த்துவிடலாம்.

அந்த மருந்துச் சுவரோரம் உன் அம்மாவைப் படுக்கவிட எனக்கு மனம் இல்லை; வீட்டைப் பூட்டினாலோ ஆளில்லாத வீடு என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அவளை என் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, இங்கே அவள் வீட்டில் நான் பாய் போட்டுவிட்டேன். அந்த அறை போகும்வரை நான் எழுந்து போக மாட்டேன். இது உன்னை மன்னித்ததாக ஆகாது.

உன்னோடு இன்னமும் பேசாத,
உன் தாய்மாமன்
சங்கரலிங்கம்