அப்பா கேட்டு முடித்த கேள்வி

என் செல்ல மகள் நெரிஸுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டி இயனும் அங்கே பெர்த் நகரத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், வெயில் கொளுத்துகிறது என்று சொன்னாயே, பிள்ளையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. இங்கே நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம், இந்தக் கடல்காற்றுக்கு என் முழங்கால்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரைப் பற்றிய சேதியை அவர் காதுபடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

நம்ம ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைக்காரர்கள் நடத்தும் பொது விவாதம் உனக்கு நினைவிருக்கும். ரயிலில் கார்டாக இருந்த காலத்தில் அப்பா அதற்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டு போவார், போனால் ஒரு கேள்வியாவது கேட்காமல் வர மாட்டார், இன்றைக்காவது சும்மா உட்காருங்கள் என்று நீ கூட கெஞ்சுவாய். பக்கவாதம் வந்த பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியது மனசுக்குள் தெளிவாகத்தான் இருக்கிறது, வார்த்தைதான் வர மாட்டேன் என்கிறது, டீ வேண்டும் என்று சொல்ல வந்து குடை வேண்டும் என்கிறார். கடைக்காரர், டாக்டர், பக்கத்து வீடு என்று எல்லோரும் இப்போது என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள், அவர் ஏதோ வீட்டுச் சாமான் மாதிரி. போன வாரம் நூலகத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது, பாராளுமன்றத்தில் நியமன ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பிரபுக்கள் சபைக்கும் மக்களே ஓட்டுப் போட்டு ஆளெடுக்க வேண்டுமா என்று விவாதமாம். அப்பா அதன்மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. சளி பிடிக்கும் என்றேன், பல்கலைக்கழக மேடு ஏற முடியாது என்றேன், ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் எதிர்வீட்டு டிலிஸ் காரில் கொண்டுபோய் விட்டாள்.

மண்டபம் நிறைந்த கூட்டம். ஆரம்பத்திலேயே கை தூக்கச் சொன்னார்கள், அப்பா தேர்தல் வேண்டும் என்று தூக்கினார், நான் வேண்டாம் என்று தூக்கினேன், ஓட்டுப் போட்டு எடுத்த ஒரு சபை அடிக்கிற கூத்து போதாதா என்பதுதானே என்றைக்கும் என் கட்சி. லண்டனிலிருந்து ஒரு எம்.பி. வந்து தேர்தல் வேண்டும் என்று பேசினார், நல்ல பேச்சுக்காரர், கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. கேள்வி நேரம் வந்ததும் அப்பா கையைத் தூக்கிவிட்டார். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், எழுந்து நின்றார். நீங்க என்றார், அதோடு நின்றுபோனது. மறுபடியும் நீங்க, இங்கே என்றார், முகமெல்லாம் சிவந்துவிட்டது, பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அந்த எம்.பி. நல்ல மனசோடுதான், புரிகிறது ஐயா, தேர்தல் செலவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள் என்று பதிலையே ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்காக நானே பேசிவிடலாம் என்று பாதி எழுந்தேன். அப்பா என் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்தார். மைக்கில், “இல்லை. நான்... இன்னும் முடிக்கலை” என்றார்.

தலைமை தாங்கிய பேராசிரியை பெத்தன், உன் வயதுதான் இருக்கும், எம்.பி.யைப் பார்த்து, “அவர் முடிக்கட்டும், நமக்கு ஒண்ணும் அவசரம் இல்லை” என்றாள். எம்.பி. உட்கார்ந்தார். அவ்வளவு பேரும் காத்திருந்தோம் நெரிஸ், எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக வந்தது. “இந்த மாதிரி கூட்டத்துல... யாராவது பேசறதைக் கேட்டு... உங்க மனசு... எப்பவாவது மாறியிருக்கா?”

அந்த மனிதர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லைங்க. எல்லா இடத்துக்கும் பேசத்தான் போறேன். கேக்கணும்னு போனதே இல்லை” என்றார். உண்மையைச் சொன்னாரே, அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. அப்பா நன்றி என்று திக்காமல் சொல்லி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முடிவில் மறுபடி கை தூக்கச் சொன்னபோது நான் வேண்டாம் என்றே தூக்கினேன். அப்பா அந்தக் காலத்து முறைப்பு முறைத்தார் பார், எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து. டிலிஸின் காரில் ஏறியதும் வாதாட ஆரம்பித்தவர், நீ சொல்வது தப்பு என்று சொல்லி முடிக்க நம் வீட்டு வாசல் வந்துவிட்டது. நானும் விடவில்லை, வாசலில் நின்றபடியே பதில் சொன்னேன். அவர் படுத்து எழுந்த பிறகு நாங்கள் போட்ட முதல் சண்டை. டிலிஸ் பயந்துபோய், எல்லாம் சரிதானே ஐர்லிஸ் என்று கேட்டாள், ரொம்பச் சரி என்றேன்.

நீ கூப்பிட்டால் அப்பா எப்படி இருக்கிறார் என்று என்னைக் கேட்கிறாய், நானும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் அப்பாவைக் கூப்பிடு. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, லைன் போய்விட்டது என்று நினைக்காதே, நீயாக ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்காதே. இயனையும் பக்கத்தில் வைத்துக்கொள், குழந்தை தாத்தாவை அவசரப்படுத்தாது.

கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், அப்பா உன்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகத் தயாராகிக்கொண்டிருக்கிறார். என்னவென்று எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன், அவரே சொல்லட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா ஐர்லிஸ்