ஏலகிரிக்குப் போகிற பை

ஏப்ரல் 20, ஞாயிறு

லிஸ்ட் வந்துவிட்டது. வாட்ஸப்பில் இரண்டு பக்கம். ஏலகிரியில் பத்து நாள் கோடை முகாம், மே ஐந்தாம் தேதி காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ். டி-ஷர்ட் ஆறு, டிராக் பேன்ட் மூன்று, டார்ச், தொப்பி, கேன்வாஸ் ஷூ, கொசுவுக்குத் தடவக் களிம்பு. செல்போன் கூடாது, நகை கூடாது. எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருக்க வேண்டுமாம்.

இளவரசிக்கு இப்போதுதான் பன்னிரண்டு முடிந்தது. ஒரு நாள்கூட என்னை விட்டுத் தனியாகப் படுத்ததில்லை. இவளாக ஆசைப்பட்டாளா, இல்லை கூடப் படிக்கிற பிரியதர்ஷினி ஏற்றிவிட்டாளா? நான் முடியாது என்று வாயைத் திறப்பதற்குள் இவர், "போய்ட்டு வரட்டும் வேணி" என்றுவிட்டார். கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடுகிற மனுஷன். ஒரு மயிலை இந்தப் பக்கம் திருப்பலாமா அந்தப் பக்கம் திருப்பலாமா என்று மூன்று நாள் யோசிப்பவர், பெற்ற பெண்ணை மலைக்கு அனுப்ப மூன்று விநாடிகூட யோசிக்கவில்லை. எனக்கு எங்கேயோ இடிக்கிறது.

நான் சந்தேகப் பிராணி இல்லை. கேட்கிறேன், அவ்வளவுதான். பட்டுக் கடையில் எனக்கு வேலையே நெய்து வருகிற புடவையை விரித்துப் போட்டுக் குறை பார்ப்பது. பதினோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கண் அப்படி ஆகிவிட்டது. இதற்கு இந்த வீட்டில் வைத்திருக்கிற பேர் சந்தேகம்.

ஏப்ரல் 24, வியாழன்

பரீட்சை முடிந்தது. பை வாங்கினோம், நீலம். அவள் கறுப்புதான் வேண்டும் என்றாள். கறுப்பில் அழுக்கு தெரியாது, எதுவுமே தெரியாது. அதனால்தான் நீலம்.

ஏப்ரல் 26, சனி

மத்தியானம் சாப்பிடக் கடையிலிருந்து வந்தால், மாடியில் இவர் பெட்ஷீட் துவைத்துக்கொண்டிருக்கிறார்!

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். இந்தக் கையால் ஒரு கர்சீப் அலசி நான் பார்த்ததில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கெட் நிறைய நுரை. என்ன என்றேன். "காபி கொட்டிட்சி." காபியா? காலையில் பால் திரிந்துபோய் நான் எல்லோருக்கும் வரக்காப்பி கொடுத்துவிட்டுப் போனேன். குடித்து முடித்த டம்ளரை நானே கழுவினேன். "அப்புறமா நானே போட்டேன்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

கீழே வந்தால் இவள் தலைக்குக் குளித்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமை தலைக்குக் குளிக்கச் சொல்லி நான் கத்தாத வாரம் கிடையாது. இன்று சொல்லாமலே குளித்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது. ஷாம்பு பட்டதாம்.

அப்பனும் மகளும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. வெளியே வந்தால் தொடங்குகிறது. செல்போன்தான். முகாமுக்குத் திருட்டுத்தனமாகப் போன் வாங்கிக் கொடுக்கப் போகிறார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கிருத்திகை. சாயங்காலம் குமரகோட்டம் போகக் கிளம்பினோம். இவரோட அக்கா தில்லையம்மாள் அடுத்த தெருவிலிருந்து பூவும் தேங்காயுமாக வந்துவிட்டார். இளவரசி வரவில்லையாம், வயிற்றுவலியாம். தோசை நான்கு தின்னும்போது வராத வயிற்றுவலி! இவர் வேறு, "வுடேன், வூட்லயே இருக்கட்டும்" என்று வக்காலத்து. ஓஹோ, நாங்கள் போனதும் அப்பனும் மகளும் உட்கார்ந்து போனைப் பிரிக்கலாம் என்று திட்டமா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கோயில் வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே வர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். செருப்பு விடுகிற இடத்தில், சுவரோரமாக. "சாமி கும்புட வந்துட்டு வாசல்ல நிக்கிற பொண்ண நான் பாத்ததே இல்லமா" என்றார் அக்கா. ரோட்டில் வைத்தே திட்டினேன். அழுதாள், ஆனால் அசையவில்லை.

சாமி கும்பிட்டுவிட்டு நாங்கள் வெளியே வரும்போது டியூஷன் பையன் பாலாஜி சைக்கிளில் நின்று அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "வரேன் ஆன்ட்டி" என்று பறந்துவிட்டான்.

செல்போன் இல்லை. இதுதானா? ஐயோ முருகா, பன்னிரண்டு வயசில் இதுவா?

ஏப்ரல் 30, புதன்

கடையிலிருந்து போன் செய்து பிரியதர்ஷினியிடம் மெதுவாக விசாரித்தேன். பாலாஜி முகாமுக்கு வருகிறானா? "இல்ல ஆன்ட்டி, இது கேர்ள்ஸ் கேம்ப்." அதுவரைக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பெண்ணும் ஏதோ முழுங்கி முழுங்கிப் பேசினாள்.

வீட்டுக்கு வந்து பையைப் பார்த்தேன். நான் வாங்கிய வெளிர் மஞ்சள், சாம்பல் நிற டிராக் பேன்ட் இரண்டும் பீரோவுக்குத் திரும்பிப் போயிருக்கின்றன. பையில் கறுப்பு மூன்று. மூன்றுமே கறுப்பு. அடியில் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. மலை மேலே உட்கார்ந்து பேப்பர் படிக்கப் போகிறாளா? கேட்டேன். "ஷூ ஈரமானா உள்ள வெக்க" என்றாள். பதில் சரியாகத்தான் இருக்கிறது. ரொம்ப சரியாக இருக்கிறது.

மே 1, வியாழன்

லீவு. இவர் தலைவலி மாத்திரை வாங்கப் போனார். செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டின பெரிய பொட்டலத்தோடு வந்தார். எந்த ஊரில் தலைவலி மாத்திரை தலையணை சைஸில் தருகிறார்கள்? நேராக அவள் அறைக்குள் போய், வெறும் கையோடு வெளியே வந்தார். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். நாளைக்கு அவள் பிரியதர்ஷினி வீட்டுக்குப் போவாள். இருக்கட்டும்.

மே 2, வெள்ளி

கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பையைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன். டார்ச், தொப்பி, சோப்பு டப்பா. அடியில் பொட்டலம். நூலை வெட்டவில்லை, முடிச்சைத்தான் அவிழ்த்தேன். திரும்பக் கட்ட வேண்டுமே.

நாப்கின். இரண்டு பாக்கெட். பக்கத்திலேயே துண்டுக்குள் இன்னொரு பாக்கெட், பாதிக்கு மேல் காலி.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடிப் பாவி. என் குழந்தை பெரியவளாயிட்டாளா? எப்போ? எனக்குத் தெரியாமலா?

இந்த நோட்டைத்தான் எடுத்துத் திருப்பினேன். சனிக்கிழமை. பெட்ஷீட். ஊரில் எல்லா அம்மாக்களும் நாளும் நேரமும் குறித்து வைத்து, ஜோசியரிடம் கொடுத்து ருது ஜாதகம் எழுதி வாங்குவார்கள். நான் காபிக் கறையைக் குறித்து வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அவளுக்கு நாலாம் நாள். மாதா மாதம் நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துத்தானே தெரிந்துகொண்டிருப்பாள்? கோயிலுக்குள் போகக் கூடாது என்று வாசலில் நின்ற குழந்தையை நடுரோட்டில் வைத்துத் திட்டினேனே. வயிற்றுவலி நிஜமாகவே இருந்திருக்கும். நான் தோசையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. இவர் சாப்பிட வந்ததும் பாக்கெட்டை முன்னால் வைத்தேன். இன்னாங்க இது? தலைவலிக்கா?

மனுஷன் நாற்காலியில் சரிந்தார். "அவ அழுதுக்கினே சத்தியம் வாங்கிக்கினா வேணி. நான் இன்னா பண்றது? கேம்ப் போய்ட்டு வந்து நானே அம்மாகிட்ட சொல்றேன்னா."

பெற்றவள் நான். சொன்னது அப்பாவிடம். ஒரு பொண்ணு இதைப் போயி அப்பன்கிட்ட சொல்லுவாளா? உலகத்துல எங்கயாவது உண்டா?

மே 3, சனி

அவளிடமே கேட்டுவிட்டேன். முதலில் அழுகை. பிறகு சீறினாள். அப்படியே என் வாய்.

"உன்கிட்ட சொன்னா நீ அத்தைகிட்ட சொல்லுவ. அத்தை மாமாகிட்ட சொல்லும். என்னைய ஒரு மூலையில தனியா உக்கார வெச்சிடுவீங்க. கேம்ப் அவ்ளோதான். அப்புறம் தெரு முனைல என் போட்டோ போட்டு பேனர் வெப்பீங்க. பிரியாவுக்கு வெச்சாங்கல்ல? பசங்க அதப் போட்டோ எடுத்து ஸ்டிக்கர் பண்ணி குரூப்ல போட்டானுங்க. அவ ஒரு மாசம் ஸ்கூலுக்கு வரலமா. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. பிரியதர்ஷினியின் அந்த விழாவில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லத் தெரிஞ்சுதா?"

"நான் எங்க சொன்னேன்? அவரு பெட்ஷீட்டப் பாத்தாரு. எடுத்துக்கினு போய்ட்டாரு. ஒண்ணுமே கேக்கலமா. நீ கேப்ப. எத்தினி மணிக்கு, ஏன் சொல்லல, வேற யாருக்குத் தெரியும்னு கேட்டுக்கினே இருப்ப."

அந்த மூன்று கேள்வியும் அப்போது என் நாக்கு நுனியில் நின்றன. அந்த வரிசையிலேயே. வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என்ன செய்வது? செவிலிமேட்டில் என் தம்பி குமாரவேல், தாய்மாமன், அக்கா மகளுக்கு எண்பது தட்டு சீர் வைப்பேன் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளை உட்கார வைக்கிற குடிசைக்குப் பச்சை ஓலை அவன் கையால் கட்ட வேண்டும். மறைத்தால் அவனுக்கு அவமானம். தில்லையம்மாள் அக்காவுக்குத் தெரிந்தால், தீட்டோடு கோயில் வாசலுக்கு இழுத்துவந்தாயே என்று ஏழு ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார். சொன்னாலோ நாளை மறுநாள் பஸ்ஸில் அவள் இடம் காலியாகப் போகும்.

சொன்னால் ஊரோடு ஒத்துப்போகலாம். ஆனால் இவள் இனி எந்த விஷயத்துக்கும் என்னிடம் வர மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

மே 4, ஞாயிறு

இரண்டு பேருமாகப் பையைக் கொட்டித் திரும்ப அடுக்கினோம். நீலப் பையை ஓரமாக வைத்துவிட்டு என் கறுப்பு டிராவல் பையை எடுத்துக் கொடுத்தேன். எந்த உள்ளாடையோடு எதை வைக்க வேண்டும், பேப்பரில் எப்படிச் சுற்ற வேண்டும், வலித்தால் வெந்நீர்ப் பாட்டில், எந்த மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் காட்டினேன். "தெரியும்மா", "தெரியும்மா" என்றாள். ஆனால் கவனித்தாள்.

ஒரே ஒரு வாக்கு கொடுத்தேன். "வந்த பிறகு வீட்டுக்குள்ளேயே தண்ணி ஊத்துறோம். மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். பேனர் கிடையாது."

"அத்தை?"

"அத்தைய நான் பாத்துக்கிறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் அத்தை குரல். முறுக்கு டப்பாவோடு நேராக அறைக்குள்ளேயே வந்துவிட்டார். பொட்டலங்கள் கட்டிலில் அப்படியே கிடந்தன. துண்டை வீசி மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன். "இன்னாடி இவ்ளோ சாமான்? பத்து நாளா, பத்து வருசமா?" என்றவர் துண்டின் ஓரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் பேசி முடித்துப் போகும் அரை மணி நேரமும் நான் எழுந்திருக்கவே இல்லை. முறுக்கு கொடுத்தார், உட்கார்ந்தபடியே தின்றேன். இளவரசி சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 5, திங்கள்

பஸ் ஆறு பத்துக்குக் கிளம்பியது. கையை ஆட்டினாள். அப்பாவுக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை. எண்ணினேன்.

மே 8, வியாழன்

அக்கா எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றுகிறது. இன்று காய்கறிக்காரர் வண்டி முன்னால் நிற்கும்போது, "உன் மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்குது?" என்றார். வெயில்க்கா என்றேன். "இந்த வெயில் எல்லாருக்குந்தான் அடிக்குது" என்றார். பதினோரு வருஷம் புடவையில் குறை பார்த்தவளை இப்போது ஊரே விரித்துப் போட்டுப் பார்க்கிறது.

மே 11, ஞாயிறு

முகாமிலிருந்து போன். ஆளுக்கு ஐந்து நிமிஷம். மூன்று நிமிஷம் மலையேறினது, பிரியாவை அட்டை கடித்தது. பிறகு, "ஒண்ணும் பிரச்சனை இல்லமா" என்றாள் தனியாக. அது எனக்கு மட்டும் புரிகிற வாக்கியம். சந்தோஷமாக இருந்தது.

மே 15, வியாழன்

வந்துவிட்டாள். கறுத்துப்போய், குரல் கட்டிப்போய். ஒரு துண்டைக் காணோம், யாரோ ஒருத்தியின் ஒற்றைச் சாக்ஸ் சேர்ந்து வந்திருக்கிறது. குமாரவேலிடம் நேற்றே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "எண்பது தட்டு வெக்கிற அளவுக்கு உன் வூட்ல இடம் ஏதுக்கா" என்றான். அவனுக்கு வருத்தம்தான். எனக்கும்தான்.

மே 18, ஞாயிறு

அக்கா இன்று நேரடியாகவே கேட்டுவிட்டார். கூடத்தில், எல்லோர் முன்னாலும். "ஏன் வேணி, நம்ம பொண்ணு உக்காந்துட்டாளா? நீ மறைக்கிறியா?"

இவர் டிவியைப் பார்த்தார். இளவரசி கையில் தட்டோடு அப்படியே நின்றாள்.

"இன்னும் இல்லக்கா" என்றேன். "ஆனா உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப் போறேன்?" வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணை இமைக்காமல் ஒரு பொய். அக்கா நம்பினாரா தெரியாது. காபியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் நடந்ததாக ஒரு நாளைச் சொல்லி, முதல் ஆளாக அவரையே கூப்பிட வேண்டும். பாவம், தண்ணீர் ஊற்ற அவரில்லாமல் முடியாது.

மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இளவரசி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக் கோணலாக மடித்தாள். பிரித்தாள், திரும்ப மடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னடி என்றுகூட இல்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"மா, ஒண்ணு சொல்லணும். கேம்ப்ல நடந்தது. அப்பாகிட்டகூட சொல்லல."

சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதப் போவதில்லை.