வேனுக்குள் மழை வந்த வழி

பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒருநாளும் நா எழாத ஸஹ்ராவின் வாப்பாவுக்கு, உங்கள் வீட்டிலிருந்து ஸலாம். அல்லாஹ் உங்கள் கப்றை வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

நம் மகள் ஸஹ்ரா நன்றாகப் படிக்கிறாள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. பாலாவிச் சந்தியில் லொறிகளின் இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் மௌத்தான பிறகு நான் அறைக்குள் இருந்த இத்தா முடிந்து வெளியே வந்ததும் வேனின் சாவியை நானே எடுத்துக்கொண்டேன். உங்களை வேன் அங்கிள் என்று கூப்பிட்ட பிள்ளைகள் இப்போது என்னை வேன் ஆன்ட்டி என்கிறார்கள். காலையில் ஏற்றிக்கொண்டு போய் புத்தளத்தில் பள்ளிக்கூட வாசலில் இறக்குகிறேன், மதியம் திரும்பக் கூட்டி வருகிறேன். எனக்கு எதற்கு லைசன் என்று நான் அடம்பிடித்தபோது, "எடுத்து வை, எப்பயாவது உதவும்" என்றீர்களே. எதை நினைத்துச் சொன்னீர்கள்?

இந்த வேனுக்கு வந்த ஒரு கஷ்டத்தைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் முதல் பெருமழை பெய்த மறுநாள், கதவைத் திறந்தால் முன்பக்கம் இடது சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. கண்ணாடியைச் சரியாக ஏற்றாமல் விட்டிருப்பேன் என்று நினைத்துத் துவாயால் ஒற்றி எடுத்தேன். அடுத்த மழைக்கும் அதே தண்ணீர். விரிப்புக்கு அடியில் ஊறி, பின்னால் ஓடி, நடுச் சீட்டுப் பிள்ளைகளின் காலையும் பையையும் நனைத்தது. ஊறிய சாக்கு மாதிரி ஒரு வாடை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மதியம், வேனில் வருகிற ஹிபாவின் உம்மா ஜெஸீமா தன் வீட்டு வாசலில் என்னை நிறுத்தினாள். "பிள்ளைட சப்பாத்தும் கால்மேசும் ஈரமாகித்தான் வருது. வேற வேன் பாப்பமா எண்டு இவர் கேக்கிறார்." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

வண்டி திருத்துகிற கராஜ் பாஸிடம் கொண்டுபோனேன். முன் கண்ணாடியைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தார். மழை வந்தது, தண்ணீரும் வந்தது. கதவு ரப்பரை மாற்றினார். அதன் பிறகும் வந்தது. மூன்றாம் முறை விரிப்பை முழுதாகக் கிளப்பிப் பார்த்தார். அடித்தகடு துருப்பிடித்துச் செதில் செதிலாகக் கழன்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்ல அழுத்தினார். அது அப்படியே உள்ளே போய்விட்டது. அந்த ஓட்டை வழியாகக் கராஜ் நிலத்து மண் தெரிந்தது.

"தகட்ட வெட்டி எடுத்துப் புதுசு ஒட்டலாம், அது என்ட வேல. ஆனா தண்ணி எங்கால வருதெண்டு பிடிக்காட்டி திரும்பவும் உக்கும். ஒராள் உள்ளுக்கு இருந்து பாக்கோணும். அதுவரைக்கும் பிள்ளைகள ஏத்தாதீங்க" என்றார்.

அங்கேயே நின்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொன்னேன், நாளைக்கு வேன் வராது என்று.

பின்னேரம் உங்கள் கூடப்பிறந்த நானா, என் மச்சான், வந்தார். கதிரையில் இருக்கவும் இல்லை. "விடு சபீனா. அவன் மௌத்தான வண்டி. வித்துப்போட்டு நிம்மதியா இரு."

அவர் சொன்னதன் பாரம் உங்களுக்குத் தெரியும், பிறகு எப்போதாவது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அன்று காலை உப்பளத்து வீதியில், வேன் நிறையப் பிள்ளைகள் இருக்க, ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தீர்கள். பிறகு நிமிரவில்லை. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தச் சீட்டில்தான் தினமும் நான் இருக்கிறேன். மச்சானுக்கு அதைப் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு விளங்காமலில்லை.

"முதல்ல தண்ணி எங்கால வருதெண்டு பாப்பம் மச்சான்" என்றேன். மறுநாள் தொடங்கி, பிள்ளைகளைத் தன் த்ரீவீலரில் பிரித்துப் பிரித்து ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு விட்டார். உங்கள் நானாவா இது என்று இருந்தது.

லீவு நாளில் வேனை முற்றத்தில் நிறுத்தி, உள்ளே ஈரமெல்லாம் துடைத்து, பழைய பேப்பர்களை விரித்தேன். ஒரு துளி விழுந்தாலும் பேப்பரில் தெரியும் அல்லவா? ஆனால் வெளியே தண்ணீர் அடிப்பதும் உள்ளே ஓடிப்போய்ப் பார்ப்பதும் ஒரே ஆளால் நடக்கிற காரியமில்லை. நான் பட்ட பாட்டை வாசல் படலையில் நின்று ஜெஸீமா பார்த்திருக்கிறாள். வேறு வேன் பிடித்துவிட்டோம் என்று சொல்லத்தான் வந்திருப்பாள். சொல்லவில்லை. அபாயாவைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹோஸைக் கையில் வாங்கினாள். "நீங்க உள்ளுக்குப் போங்க. நான் அடிக்கிறன்."

கதவுகளை மூடிக்கொண்டு, டோர்ச்சுடன் டேஷ் போர்டுக்கு அடியில் குனிந்தேன். ஒவ்வொரு இடமாகப் பொறுத்துப் பொறுத்து அடிக்கச் சொல்லியிருந்தேன். கதவுகளில் அடித்தாள், பேப்பர் காய்ந்தே இருந்தது. கூரையில் அடித்தாள், ஒன்றும் இல்லை. முன் கண்ணாடியில் அடித்தபோது நிமிர்ந்து பார்த்தேன், உலகமே கரைந்து வழிகிற மாதிரி இருந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உங்கள் சீட். கடைசியாக நீங்கள் பார்த்ததும் இந்தக் கண்ணாடி வழியாகத்தானே என்ற எண்ணம் வந்தது. அதோடு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது, புறங்கையில் குளிராக ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. டேஷ் போர்டுக்குள் காற்று ஊதும் பெட்டிக்குப் பின்னாலிருந்து நூல் போல இறங்கி, மளமளவென்று ஊற்றத் தொடங்கியது. "நிப்பாட்டுங்க" என்று கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. எட்டி ஹோர்னை அடித்தேன்.

வைப்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினோம். உள்ளே வேப்பிலை. வேப்பம்பூ, பழம், கொட்டை, எல்லாம் மக்கிக் கறுத்துச் சேறாகி, கண்ணாடியில் வழிகிற மழைநீர் வெளியேறும் துவாரத்தை அடைத்துக் கிடந்தன. போக வழியில்லாத தண்ணீர் நிறைந்து எழும்பி, காற்று போகிற வழியால் உள்ளே இறங்கியிருக்கிறது. நான் இத்தாவில் அறைக்குள் இருந்த காலம் முழுவதும் வேன் முற்றத்து வேம்புக்குக் கீழேதான் நின்றது. யாரும் அசைக்கவில்லை. மரம் தன்பாட்டில் உதிர்த்துக்கொண்டிருந்தது.

இருவரும் கை கையாக அள்ளினோம். சைக்கிள் கம்பியால் துவாரத்தைக் குத்தினேன். முதலில் அசையவில்லை. பிறகு உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்து, முன் டயருக்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அது தெளிந்த நீராக ஓடும்வரை ஜெஸீமா ஹோஸைப் பிடித்தாள். மீண்டும் கண்ணாடியில் அடித்துப் பார்த்தோம். உள்ளே புதிதாக விரித்த பேப்பர் நனையவில்லை.

கிணற்றடியில் கை கழுவும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். நீங்கள் போன அன்று முன் சீட்டில் இருந்தது ஹிபா. "அங்கிள் திரும்பிப் பாத்துச் சொன்னாராம், 'ஒருத்தரும் இறங்க வாணாம், ரோட்டால வாகனம் வரும், கதவத் தொறக்காம இருங்க' எண்டு. பிறகுதான் தலைய சாச்சாராம்."

"இதை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? உங்கட முகத்தப் பாத்தா முடியல்ல."

கடைசி நேரத்தில் கலிமா சொல்லிக்கொடுக்க ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டீர்களே என்றுதான் இத்தா முழுக்க அழுதேன். அதைச் சொன்னதும் ஜெஸீமா என் ஈரக் கையைப் பிடித்தாள். "பிறகும் உதடு அசஞ்சதாம். ஹிபாக்குக் கேக்கல்லயாம்."

என்ன சொன்னீர்கள்? ஹிபாவுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவனுக்குக் கேட்டிருக்கும். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் வருகிறது.

பாஸ் புதுத் தகடு ஒட்டி, துருப்பிடிக்காத பூச்சும் பூசித் தந்தார். அதற்குப் பிறகு நல்ல மழையாகவே பெய்தது, வேன் காய்ந்துதான் இருக்கிறது. மச்சான் வந்து விரிப்பைத் தூக்கித் தகட்டைக் காலால் மிதித்துப் பார்த்தார். "விக்கிறதப் பத்திப் பிறகு கதைப்பம்" என்றார். வேம்பை வெட்டிவிடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வேனைக் கிணற்றுக்கு மற்றப் பக்கம் நிறுத்துகிறேன்.

ஹிபா எங்கள் வேனில்தான் வருகிறாள். இன்னும் முன் சீட்டில் இருக்க மாட்டாள். நான் வற்புறுத்துவதில்லை.

நான் உங்களுக்கு ஒரு வார்த்தை தருகிறேன். அந்த உப்பளத்து வீதியில் காலையும் மதியமும் போய் வருகிறேன். நாளைக்கு எனக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஆனால் என் நெஞ்சில் எது வந்து நின்றாலும், முதலில் வண்டியை ஓரங்கட்டுவேன், பிரேக்கை இழுப்பேன், பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் துஆவை எதிர்பார்த்திருக்கும்,
ஸஹ்ராவின் உம்மா சபீனா