வேனுக்கு இரண்டு விசிறி

மே 12, திங்கள்

அக்னி வெயில். எட்டு மணிக்கே தார் இளகுகிறது. திருப்பாலைவனம் தாண்டி வேன் மறுபடி நின்றது. இந்த மாதம் நாலாவது தடவை. சூடு காட்டும் முள் சிவப்பில். முள்ளைப் பார்க்கவே வேண்டாம், இன்ஜின் என் சீட்டுக்கு அடியில். உட்காருகிற இடமே சொல்லிவிடும்.

பின்னால் மீன்காரப் பெண்கள் ஆறு பேர். இறால், நண்டு. ஐஸ் கரைந்து சொட்டியது. பொன்னேரி சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாடிக்கை எல்லாம் கலைந்துவிட்டது. ஆறு பேருக்கும் தேசம்மாக்காதான் வாய். "இன்னா ரோசி, தெனம் இதே ரோதனயா கீது. வெள்ளிக்கெழம வரிக்கும் பாப்போம். அப்பவும் நின்னுச்சின்னா உங்க மூத்தார் வண்டில பூடுவோம். சரக்கு அழுவுதில்ல."

என் வீட்டுக்காரரின் அண்ணன் புது வண்டி வாங்கி, ஏற்ற ஆள் இல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார். சாயங்காலம் வந்தார். "பொம்பள ஓட்னா வண்டி இப்டித்தாம்மா ஆவும். எடைக்குப் போட்ரு."

போட மாட்டேன்.

மே 13, செவ்வாய்

காசிம் பாய் வந்தார். படகு இன்ஜின் மெக்கானிக். என் வேனைத் தொட இங்கே வேறு ஆள் இல்லை. கையில் பழைய காரிலிருந்து கழற்றிய விசிறி இரண்டு. ஒன்று ரேடியேட்டருக்கு முன்னால், ஒன்று இன்ஜின் பக்கம். ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச்.

வாங்க: பியூஸ், டேப், கிளாம்ப் 4, புளி.

போட்டுப் பார்த்தோம். மாவு மில் சத்தம். மூத்தார் வாசலில் நின்றபடி, "இன்னா, வேனுக்கு வேர்க்குதா?" சிரித்தார். சிரிக்கட்டும்.

மே 14, புதன்

பொட்டுக் காற்று இல்லை. சந்தைத் தெரு நெரிசலில் அரை மணி நேரம், முள் அசையவில்லை. மனதுக்குள் ஒரு ஆட்டம் போட்டேன். பெண்களை அங்கே விட்டு, காலி வண்டியாகத் திரும்புகையில், நல்ல ஓட்டத்தில், மறுபடி சிவப்பு. நின்றால் ஆறுகிறது, ஓடினால் கொதிக்கிறது. எல்லாம் உல்டா.

ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். துக்கம் இல்லை, ஆத்திரம். மூத்தார்தான் வண்டியில் ஏதோ கை வைத்திருக்கிறார். நிச்சயம்.

மே 15, வியாழன்

வண்டி ரிப்பேர். பெண்கள் மூத்தார் வண்டியில் போனார்கள். "இன்னிக்கி ஒரு நாள்தான்" என்றாள் தேசம்மாக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

பாய் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு, தங்கச்சி. இதுல இன்னா தண்ணி ஊத்துற?"

கடல் கலக்கிற எங்கள் ஏரித் தண்ணீர். குறையும்போதெல்லாம் பாலத்தடியில் கேனில் மொண்டு ஊற்றுவேன். இரண்டு வருடமாக. படகு இன்ஜினெல்லாம் அந்தத் தண்ணீரில்தானே ஆறுகிறது, வேன் மட்டும் என்ன உசத்தி?

"படகுல இந்தாண்ட வந்து அந்தாண்ட பூடும். இதுல உள்ளயே சுத்தி உப்பு கட்டிக்கும். தண்ணி போவவே வழியில்ல, விசிறி இன்னா பண்ணும்?"

ஆக, கை வைத்தது நான். வெட்கம். மூத்தாரிடம் சொல்லப் போவதில்லை.

பகல் முழுக்க மெல்லிய கம்பி விட்டுக் குத்தினோம். குடிக்கிற கேன் தண்ணீரில் அலசி, பச்சைக் கூலண்ட் ஊற்றி மாட்டினோம். விரல் எல்லாம் கீறல். மத்தியானச் சோறு மறந்தே போனது.

மே 16, வெள்ளி

விடியலிலேயே புழுக்கம். பெண்கள் கூடையோடு நின்றார்கள். மூத்தார் வண்டியும் ஹாரன் அடித்தபடி நின்றது. நான் இறங்கிப் போய்த் தேசம்மாக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "ஏரித்தண்ணி ஊத்திக் கெடுத்தது நான்தான்க்கா. இப்ப சரி பண்ணிட்டேன். இன்னிக்கி நிக்காது. ஏறு."



"நாங்களுந்தானடி மொண்டு குடுத்தோம்" என்றாள். கூடையை என் வேனில் தூக்கி வைத்தாள். மற்ற ஐந்து பேரும் ஏறினார்கள்.

திருப்பாலைவனம் போனது. நிற்கவில்லை. சந்தைத் தெரு நெரிசல், இரண்டு விசிறியும் ஓடின, முள் பாதியில். இறால் கூடையில் ஐஸ் அப்படியே.

திரும்பும்போது காலி வண்டி. முள் பாதிக்கும் கீழே. விசிறிக்கு வேலையே இல்லை.

மூத்தார் வாசலில் நின்றார். வேகத்தைக் குறைத்தேன். இரண்டு விசிறியையும் போட்டேன்.