அமரவிளை வரைக்கும் போனோம்

சித்தி,

இன்று பாலராமபுரத்தில் பஸ் நின்றபோது, யாரோ ஏத்தக்காப்பம் பொரிக்கும் மணம் ஜன்னல் வழியாக வந்தது. நேந்திரம்பழமும் மாவும் எண்ணெயில் வேகும் அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். உங்களோடு பஸ்ஸில் போனவளுக்கு இதெல்லாம் ஒரு வெட்கமா?

அம்மா இறந்து, நீங்கள் அப்பாவைக் கட்டிக்கொண்டு பாறசாலை வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அடுத்த வருஷமே அது தொடங்கியது. நாலு பேர் கூடும் இடத்தில் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும். பள்ளிக்கூடம் நின்றது. பிறகு முற்றத்தில் இறங்குவதும் நின்றது. கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். நீங்கள்தான், "காய்ச்சலுக்கு டாக்டரப் பாக்கோம்லா, இதுக்கும் பாப்போம்" என்று அப்பாவை மடக்கினீர்கள். டாக்டர் இருந்தது திருவனந்தபுரத்தில். அத்தனை தூரம் பஸ்ஸில் என்று நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

முதல் நாள், அமரவிளை வருவதற்குள் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நிறுத்துங்க, எனக்காக்கும் தலை சுத்துது!" என்று கத்தினீர்கள். பஸ் முழுக்க உங்களையே பார்த்தது. என்னை ஒருவரும் பார்க்கவில்லை. இறங்கிச் சாயாக்கடையில் உட்கார்ந்தோம். தலைசுற்றல்காரி நீங்கள் அன்று மூன்று ஏத்தக்காப்பம் தின்றீர்கள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அப்பா கேட்டார்.

"டாக்டரப் பாக்கல. அமரவிளை வரைக்கும் போனோம். நேத்து வரைக்கும் இவ முற்றத்துலகூட எறங்கல, கேட்டியளா?"

அப்புறம் உங்களுக்கு வராத நோயே இல்லை. நெய்யாற்றின்கரையில் பல்வலி, பாலராமபுரத்தில் வயிற்றுவலி. ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டதாக ஒரு அலறல். கண்டக்டருக்கே நாம் பழகிப்போனோம். "சேச்சிக்கு ஓரோ நாளும் ஓரோ சூக்கேடு உண்டல்லோ!" என்றார். "பிராயமாயிட்டில்லியா" என்று பெருமூச்சு விட்டீர்கள், முப்பது வயதில்.

ஒரு நாள் பாலராமபுரத்தையும் பஸ் தாண்டியது. மடியில் சும்மா கிடந்த என் கையை நீங்கள் பார்த்தீர்கள். பிறகு காதருகே குனிந்து, "மக்கா, இன்னைக்கு எனக்கு என்ன சூக்கேடு?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணும் இல்ல சித்தி."

நேமம் போயிற்று, கரமனை போயிற்று. திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், அத்தனை ஜனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதீர்கள். நான் உங்கள் முந்தானையை எடுத்து உங்கள் மூக்கைத் துடைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. டாக்டர் மாத்திரை தந்தார், நிறையப் பேசவும் வைத்தார். மறு வருஷம் பள்ளிக்கூடம் போனேன்.

இப்போது அதே வழியில் தினமும் வேலைக்குப் போகிறேன். அது இன்னும் எப்போதாவது வரும், சித்தி. போன வாரம் நேமத்தில் வந்தது. மணியடிக்கச் சொல்லி இறங்கினேன், ஒரு சாயா குடித்தேன், அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஆபீஸில் ஏன் லேட் என்று கேட்டார்கள். பயமாக இருந்தது, இறங்கிவிட்டேன் என்று உள்ளபடியே சொன்னேன். என்ன செய்வது, எனக்காகத் தலைசுற்ற இப்போது பஸ்ஸில் கூட ஆளில்லையே.